ஒழுகும் இன்ஜினில் ஆயில் அளவு ஏறியது: பழைய டிராக்டரைச் சரிசெய்த பதிவு

ஆறு வருஷமாக ஓடாமல் கொட்டகையில் நின்ற டிராக்டர் அது. மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜின், வயது ஐம்பதை நெருங்குகிறது. டேங்கைக் கழுவி, புது டீசல் ஊற்றி, டீசல் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்ததும் மூன்றாவது முயற்சியிலேயே பிடித்துக்கொண்டது. அந்தச் சத்தம் கேட்ட சந்தோஷத்தில் அரை மணி நேரம் ஓடவிட்டேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தால் தரையில் நான்கு இடத்தில் கறை. முன்னால் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் முக்கிய ஷாஃப்ட்) புல்லிக்கு நேர் கீழே ஒன்று, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்துக்கு அடியில் ஒன்று, நடுவில் கியர்பாக்ஸுக்குக் கீழே சின்னதாக ஒன்று, இடது பின்சக்கரத்தின் உள்பக்கம் ஒன்று.

பழைய டிராக்டர் என்றால் ஒழுகத்தான் செய்யும், ஆயில் ஊற்றி ஓட்ட வேண்டியதுதான் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தரையில் விழும் ஆயிலைவிட, அது போகும் வழியில் எதையெல்லாம் நனைக்கிறது என்பதுதான் கவலை. கிளட்ச் பிளேட்டில் பட்டால் கிளட்ச் வழுக்கும். பிரேக் ஷூவில் பட்டால் பிரேக் பிடிக்காது. இறக்கத்தில் டிரெய்லரோடு வரும்போது இது தெரியவந்தால் தப்பிக்க வழியில்லை.

முதல் வேலையாக ஒரு பெரிய அட்டையை வண்டிக்கு அடியில் விரித்து, நான்கு சக்கரமும் நிற்கும் இடத்தை அதிலேயே மார்க்கரால் வரைந்துகொண்டேன். ஒரு ராத்திரி கழித்து அட்டையை இழுத்துப் பார்த்தால் எந்தச் சொட்டு எங்கிருந்து விழுந்தது என்று வரைபடம் மாதிரி தெரியும். நிறமும் பாதி விவரத்தைச் சொல்லிவிடும். டீசல் இன்ஜின் ஆயில் கரியால் கறுத்திருக்கும். கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் பக்கத்து ஆயில் தேன் நிறத்தில் இருக்கும். கியர் ஆயிலாக இருந்தால் கந்தகம் கலந்த காட்டமான வாசமும் வரும். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. விரலால் தொட்டுத் தேய்த்து, மோந்து பார்க்கத் தயங்கக் கூடாது. என் அட்டையில் முன்கறையும் இரண்டாவது கறையும் கறுப்பு, மற்ற இரண்டும் தேன் நிறம்.

அடுத்தது கழுவல். இன்ஜினின் பக்கவாட்டில் மண்ணும் ஆயிலும் சேர்ந்து விரல் கனத்துக்குக் காரை மாதிரி இறுகியிருந்தது. சுரண்டியால் சுரண்டி, டீசலில் பிரஷ் போட்டுத் தேய்த்து, சோப்புத் தண்ணீரால் அலசினேன். ஏர் கிளீனர் வாயையும் டைனமோவையும் பாலிதீன் பை கட்டி மூடிவிட்டுத்தான் தண்ணீர் விட்டேன். இன்ஜின் சூடாக இருக்கும்போது டீசல் பம்ப் மேல் பச்சைத் தண்ணீர் அடிக்கக் கூடாது, உள்ளே இருக்கும் நுணுக்கமான பாகங்கள் இறுகிப்போகும் அபாயம் உண்டு. எல்லாம் காய்ந்த பிறகு, முகத்துக்குப் போடும் பவுடரைச் சந்தேகப்பட்ட இடங்களில் எல்லாம் தூவினேன். வெள்ளைப் பவுடரில் ஆயில் ஊறினால் ஒரு கோடு தெளிவாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல்நுனி எங்கே தொடங்குகிறதோ அதுதான் ஒழுகும் இடம். ஆயில் கீழே இறங்கும், விசிறிக் காற்றில் பின்னால் பரவும். அதனால் சொட்டு விழும் இடத்தை வைத்து மட்டும் முடிவெடுத்தால் தப்பாகத்தான் போகும்.

பவுடர் காட்டியது மூன்று இடம்: இன்ஜின் தலையில் வால்வுகளை மூடும் டேப்பட் கவரின் ஓரம், முன்பக்க டைமிங் கவரில் கிராங்க் வெளிவரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீல், ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக் குழாயின் வாய். இந்தக் கடைசி இடம் என்னை யோசிக்க வைத்தது. டிப் ஸ்டிக் குழாயில் சீல் எதுவும் கிடையாது. அதன் வழியாக ஆயில் மேலே ஏறி வெளியே வருகிறது என்றால் உள்ளிருந்து ஏதோ தள்ளுகிறது.

அந்த நேரத்தில் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்த்தேன். நியாயமாக அளவு குறைந்திருக்க வேண்டும். மேல்கோட்டையும் தாண்டி ஒரு விரல் அளவு ஏறியிருந்தது. தரையில் இத்தனை கறை, உள்ளே ஆயில் கூடுதல். மோந்து பார்த்தேன், டீசல் வாடை. டேங்கிலிருந்து டீசலை இழுத்துக் கொடுக்கும் லிஃப்ட் பம்பைக் கழற்றினால், அதன் ரப்பர் டயாஃப்ரம் மடிப்பில் நகக்கண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. டீசல் அந்தக் கிழிசல் வழியாக நேராக இன்ஜினுக்குள் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. டீசல் கலந்த ஆயில் நீர்த்துப்போய், சாதாரண ஆயில் நின்றிருக்கக்கூடிய சந்துகளில் எல்லாம் புகுந்து வெளியே வரும். அதைவிட மோசம், பேரிங்குகளுக்கு நடுவே மசகுப் படலம் நிற்காது. டயாஃப்ரம் மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றினேன். இது தெரியாமல் இன்னும் ஒரு வாரம் ஓட்டியிருந்தால் கிராங்க் பேரிங் போயிருக்கும். ஒழுகும் வண்டியில் ஆயில் அளவு குறையாமல் இருந்தால் நிம்மதிப்படாதீர்கள், உடனே மோந்து பாருங்கள்.

புது ஆயில் ஊற்றியும் முன்சீல் ஒழுகுவது நிற்கவில்லை. புல்லியைக் கழற்றி முன்சீலை மாற்றினேன். டேப்பட் கவருக்குப் புது கார்க் பேக்கிங் (கசிவைத் தடுக்க இடையில் வைக்கும் பட்டை) வைத்தேன். ஒரு மணி நேரம் ஓட்டினால் மறுபடியும் அதே இடத்தில் ஈரம். நாற்பது வருஷமாக டீசல் இன்ஜின் வேலை பார்க்கும் மெக்கானிக் ஒருவரிடம் சொன்னேன்.

“ஆயில் ஊத்துற மூடியத் தளர்த்திட்டு ஓட்டிப் பாத்தீங்களா தம்பி?” என்றார்.

“இல்லண்ணே.”

“மூடியச் சும்மா மேல வச்சுட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. அது ஆடுதா, துள்ளுதான்னு பாத்துட்டு எனக்குச் சொல்லுங்க.”

துள்ளியது. கையால் அமுக்கினால் உள்ளங்கையில் காற்று முட்டுவது தெரிந்தது. எல்லா இன்ஜினிலும் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கொஞ்சம் புகைக்காற்று கீழே இறங்கத்தான் செய்யும். அது வெளியே போக பிரீதர் என்று ஒரு குழாய் உண்டு. அது அடைத்தால் காற்று சீல் வழியாகவும் பேக்கிங் வழியாகவும் வழி தேடும், போகும்போது ஆயிலையும் இழுத்துக்கொண்டு போகும். பிரீதர் குழாயைக் கழற்றிக் கீழிருந்து டார்ச் அடித்தேன். வெளிச்சம் மேலே வரவில்லை. உள்ளே கம்பியை விட்டுக் குத்தினால் காய்ந்த மண் கொட்டியது, குளவிக்கூடு. ஆறு வருஷம் சும்மா நின்றபோது கட்டியிருக்கிறது. கூட்டின் அறைகள் ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நுனி அளவில் வழவழப்பாக, குழாயின் வளைவுக்குச் சரியாகப் பொருந்தி இருந்தன. அதற்கு மேலே இருந்த கம்பி வலையும் தார் மாதிரி கசடு பிடித்து ஒரே கட்டியாக இருந்தது. டீசலில் ஒரு ராத்திரி ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்து மாட்டினேன்.

மறுபடி மூடியை வைத்துப் பார்த்தேன். லேசாக நடுங்கியது, துள்ளவில்லை. குழாய் நுனியில் மெல்லிய புகை வந்தது, ஐம்பது வயது இன்ஜினுக்கு அது இயல்பு. பிரீதர் சுத்தமாக இருந்தும் மூடி துள்ளினால், ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது எத்தனை சீல் மாற்றினாலும் பயன் இல்லை. டிப் ஸ்டிக் ஒழுகல் அன்றோடு நின்றது. டைமிங் கவர் சீல் முக்கால்வாசி நின்றது.

மீதிக் கால்வாசிக்குக் காரணம் நான் செய்த தப்பு. சீலை மாற்றும்போது அது உரசும் புல்லிக் கழுத்தைத் துடைத்துப் பார்த்ததோடு விட்டுவிட்டேன். இப்போது மறுபடி கழற்றி, நகத்தை அதன் மேல் குறுக்கே இழுத்தேன். நகம் ஒரு பள்ளத்தில் விழுந்து ஏறியது. பழைய சீலின் உதடு ஐம்பது வருஷமாக ஒரே இடத்தில் உரசி, இரும்பில் வளையமாகப் பள்ளம் போட்டிருந்தது. ரப்பர் எப்படி இரும்பைத் தேய்க்கும் என்று தோன்றலாம். ரப்பருக்கு அடியில் சிக்கும் தூசிதான் அரம் மாதிரி வேலை செய்கிறது. புது சீல் அதே பள்ளத்தில் உட்கார்ந்தால் எப்படி நிற்கும்?

இதற்கு இரண்டு வழி உண்டு. பள்ளத்தின் மேல் ஏற்றுவதற்கென்றே கால் மில்லிமீட்டர் சொச்சம் கனத்தில் மெல்லிய எஃகு உறை கிடைக்கிறது. அளவு சரியாக இருந்தால் அதே சீல் அதன் மேல் ஓடும். இன்னொன்று, சீலை அதன் குழிக்குள் முழுசாக அடிக்காமல் இரண்டு மில்லிமீட்டர் வெளியே நிறுத்துவது. உதடு தேயாத இரும்பின் மேல் உட்காரும். என் டைமிங் கவரில் அதற்கு இடம் இருந்ததால் இரண்டாவது வழியில் போனேன். கழுத்தை எமரித்தாளால் மெருகேற்றும்போது ஒரு கவனம் வேண்டும். தாளை நேராக, சுற்றுவாக்கில் மட்டும் பிடிக்க வேண்டும். சாய்வாக இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத மரை மாதிரிக் கீறல் விழும், ஷாஃப்ட் சுற்றச் சுற்ற அந்த மரை ஆயிலை வெளியே தள்ளும். சீலின் ஸ்பிரிங் தெரியும் பக்கம் ஆயில் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். உதட்டில் ஆயில் தடவி, புல்லியைப் பூட்டும் சாவி உட்காரும் பள்ளத்தின் மேல் டேப் ஒட்டிவிட்டுத்தான் ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் அந்த விளிம்பே உதட்டைக் கிழித்துவிடும். சுத்தியலால் ஒரு பக்கம் அடிக்காமல், அதே விட்டத்தில் இருக்கும் பழைய பேரிங் வளையத்தை வைத்து நான்கு பக்கமும் சமமாகத் தட்டி இறக்கினேன்.

டேப்பட் கவர் சீக்கிரம் முடிந்தது. தகரக் கவர்களில் எப்போதும் ஒரே கதைதான். ஒழுகுகிறது என்று போல்ட்டை இறுக்குவார்கள், துளையைச் சுற்றித் தகரம் உள்வாங்கும், நடுவில் இடைவெளி விழும், மறுபடி இறுக்குவார்கள். கவரைக் கண்ணாடிப் பலகை மேல் கவிழ்த்து வைத்தால் எங்கே தூக்கியிருக்கிறது என்று தெரியும். துளைகளைச் சுற்றிப் பட்டடையில் வைத்து மெதுவாகத் தட்டி மட்டமாக்கினேன். கார்க் பேக்கிங்கை மிதமாக இறுக்கினால் போதும், பிதுங்கி வெளியே வந்தால் அது செத்துவிட்டது. சிலிக்கான் பேஸ்ட்டை அள்ளிப் பூசுவது எனக்குப் பிடிக்காத பழக்கம். வெளியே பிதுங்குவது நம் கண்ணுக்குத் தெரியும், உள்ளே பிதுங்குவது பிய்ந்து ஆயிலில் விழுந்து, இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்பில் இருக்கும் சல்லடையை அடைக்கும்.

சம்ப் டிரைன் நட்டிலும் ஒரு கசிவு இருந்தது. காப்பர் வாஷர் ஒவ்வொரு தடவை இறுக்கும்போதும் கடினமாகிக்கொண்டே போகும், பிறகு மேற்பரப்போடு படியாது. அடுப்பில் மங்கலான சிவப்பு வரும்வரை காய்ச்சித் தண்ணீரில் போட்டேன். எஃகு இப்படிச் செய்தால் கடினமாகும், செம்பு இளகும். கறுப்பை எமரியால் எடுத்துவிட்டு மாட்டியதும் கசிவு நின்றது.

பெரிய வேலை இரண்டாவது கறைதான். இந்த மாதிரி டிராக்டர்களில் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் கூட்டுக்கு அடியில் ஒரு துளையும், அதில் தொங்கும் ஒரு பிளவு ஊசியும் இருக்கும். வண்டி அதிரும்போது ஊசி ஆடி, துளை மண்ணால் அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். உள்ளே ஆயில் இறங்கினால் அந்த ஊசி நுனியில் சொட்டும். சொட்டு தேன் நிறமாக இருந்தால் கியர்பாக்ஸ் முன்சீல், கறுப்பாக இருந்தால் கிராங்கின் பின்சீல். என்னுடையது கறுப்பு.

பின்சீலைத் தொட வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இந்த மாதிரி டிராக்டருக்குத் தனி சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின்அச்சுக் கூடு மூன்றும் போல்ட்டால் இணைந்து அதுவே முதுகெலும்பாக நிற்கிறது. 1917-ல் வந்த ஃபோர்ட்சன் டிராக்டர் பரவலாக்கிய அமைப்பு இது. நடுவில் பிரித்தால் முன்பாதி இரண்டு சக்கரத்தில் நிற்கும். முன்அச்சு நடுவில் ஒரே ஊசியில் ஆடுவதால் இன்ஜின் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். அதனால் பிரிப்பதற்கு முன்பே முன்அச்சுக்கும் அதன் மேல் தாங்கிக்கும் நடுவில் இரண்டு பக்கமும் மர ஆப்பு அடித்து இறுக்க வேண்டும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, கியர்பாக்ஸுக்கு அடியில் உறுதியான முட்டு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகக் கூடாது. இந்த ஆயத்தத்துக்கே எனக்கு அரை நாள் ஆனது, அதில் ஒரு நிமிஷமும் வீண் இல்லை.

கிளட்ச், பிளைவீல் கழற்றியதும் சீல் உட்காரும் கூடு, அதாவது சீல் வீடு, தெரிந்தது. இரண்டு அரைவட்டமாகப் பிரியும் வீடு, உள்ளே ரப்பர் இல்லை, கயிறு. பழைய இன்ஜின்கள் பலவற்றில் இந்தக் கயிறு சீல்தான். கிராங்கில் வெட்டியிருக்கும் சுருள் பள்ளம் ஆயிலை உள்ளே திருப்பித் தள்ளும், மிஞ்சியதைக் கயிறு பிடிக்கும். பழைய கயிறு கருகிக் கண்ணாடி மாதிரி வழவழத்து இருந்தது.

புதுக் கயிற்றை ஒரு ராத்திரி இன்ஜின் ஆயிலில் ஊறவைத்தேன். மாட்டும்போது முதலில் இரண்டு நுனியையும் பள்ளத்துக்குள் ஒரு அங்குலம் கட்டைவிரலால் அழுத்தி உட்காரவைக்க வேண்டும். நடுவில் கயிறு வளைந்து தூக்கி நிற்கும். அந்த வளைவை நடுவிலிருந்து அமுக்கி உள்ளே தள்ளினால் கயிறு முழுக்க இறுக்கமாக நிறையும். பிறகு உருண்டையான கம்பியை உள்வட்டத்தில் வைத்து உருட்டி உருட்டி அழுத்தினேன். நுனிகள் இரண்டும் வீட்டின் முகத்தைத் தாண்டிக் கால் முதல் அரை மில்லிமீட்டர் வெளியே நிற்க வேண்டும். அரை வட்டங்கள் இரண்டும் சேரும்போது அந்த நுனிகள் ஒன்றையொன்று அழுத்தி மூடும். மட்டமாக வெட்டினால் அங்கேதான் ஒழுகும், அதிகம் விட்டால் நார் இணைப்பில் சிக்கி வீடு சேராது. முதல் தடவை எனக்கு ஒரு நார் சிக்கியது. கழற்றி, அந்த நாரைப் பிளேடால் எடுத்துவிட்டு மறுபடி சேர்த்தேன். உரசும் பக்கம் கிராஃபைட் கிரீஸ் தடவினேன். போல்ட் இறுக்கிய பிறகு கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்தால் கனமாக, ஆனால் எங்கும் தட்டாமல் ஒரே சீராகச் சுற்றியது.

வண்டி பிரிந்திருக்கும்போதே கியர்பாக்ஸ் முன்சீலையும் மாற்றிவிட்டேன். அது ஒழுகவில்லைதான். ஆனாலும் அதற்காக மட்டும் இன்னொரு தடவை இந்த வேலையைச் செய்ய யாருக்கும் மனசு வராது. கிளட்ச் பிளேட்டின் லைனிங் ஆயிலில் ஊறியிருந்ததால் அதுவும் புதிது.

இடது பின்சக்கரம் கடைசி. டிரம்மைக் கழற்றியபோது பிரேக் ஷூ இரண்டும் ஆயிலில் மினுமினுத்தன. பழைய லைனிங்கில் கல்நார் இருக்க வாய்ப்புண்டு, அதனால் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தேன். ஆயில் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவி, நெருப்பில் வாட்டிப் போடுவார்கள். அது நம்பத் தகுந்ததில்லை. சூடேறியதும் உள்ளே ஊறிய ஆயில் மறுபடி வெளியே வரும். புது லைனிங் அடித்துதான் போட்டேன், ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி இழுக்காமல் இருக்க வலதுபக்கமும் சேர்த்து. சீலின் உதடு கல் மாதிரி இறுகி, விரலால் வளைத்தால் ஒடிந்தது. ஆனால் அது மட்டும் காரணமில்லை. கியர்பாக்ஸ் ஆயிலும் ஹைட்ராலிக் ஆயிலும் இந்த வண்டியில் ஒன்றே. அளவுக் குச்சியை உருவினால் இங்கேயும் மேல்கோட்டுக்கு மேலே, வெளுத்த நிறம். கியர் லீவரின் ரப்பர் உறை கிழிந்து, மழைத்தண்ணீர் கம்பியோடு வழிந்து உள்ளே இறங்கியிருக்கிறது. ஆயிலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் டிரைன் நட்டை மெதுவாகத் திறந்தபோது முதலில் ஒரு லிட்டர் போலத் தெளிந்த தண்ணீர்தான் வந்தது. கியர்பாக்ஸ் பக்கமும் ஒரு மூச்சுத்துளை உண்டு, அதுவும் அடைத்திருந்தது. ரப்பர் உறை, ஆயில், துளை மூன்றையும் சரிசெய்த பிறகே புது சீலை அடித்தேன்.

எல்லாம் பூட்டி, இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை கலப்பையோடு ஒரு மணி நேரம் ஓட்டினேன். சும்மா நின்று ஓடும் குளிர்ந்த இன்ஜினில் ஒழுகல் முழுசாகத் தெரியாது. பிறகு அதே பழைய அடையாளங்களில் சக்கரத்தை நிறுத்தி, புது அட்டை விரித்தேன். பத்து நாள் இப்படிச் செய்து தினமும் காலையில் இழுத்துப் பார்த்தேன். முன்பக்கம் சுத்தம். பிளவு ஊசியின் நுனியை விரலால் தொட்டால் காய்ந்த தூசிதான் ஒட்டியது. இடது டிரம் காய்ந்திருக்கிறது.

கியர்பாக்ஸுக்குக் கீழே மட்டும் பத்து நாளுக்கு ஒரு காசு அளவில் தேன் நிறக் கறை. பவுடர் தூவிப் பார்த்ததில் பக்கத் தகட்டின் கீழ் போல்ட்டில் தொடங்குகிறது. அதன் துளை உள்ளே ஆயில் வரைக்கும் போகிறது, மரை வழியாக ஏறி வருகிறது. அடுத்த ஆயில் மாற்றத்தின்போது கழற்றி, மரையைத் துடைத்து, சீலிங் பசை தடவிப் போட வேண்டும். போல்ட் தலையில் சுண்ணக்கட்டியால் அடையாளம் போட்டு வைத்திருக்கிறேன்.